மருமகன் அடித்த தட்டு

2025 ஜூலை 6, ஞாயிறு

பின் கதவுக்கு இரண்டாம் முறையும் பெயின்ற் அடித்து முடித்தாயிற்று. கடைக்காரன் கடல் பச்சை என்று தந்தான். கதவில் ஏறிய பிறகு பாசிப் பச்சையாக நிற்கிறது. பரவாயில்லை, அழுக்குத் தெரியாது.

இன்றைய பெரிய வேலை அதுவல்ல, குசினித் தட்டு. நேற்று நான் பஸ்மிலா வீட்டில் இருந்த நேரம் பார்த்து மருமகன் குசினிச் சுவரில் நான்கடி நீளத்துக்கு ஒரு பலகைத் தட்டு அடித்து வைத்திருக்கிறார். பஸ்மிலா என் தங்கச்சி, பக்கத்து வளவு. தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தட்டு கோணல். கீழே டைல்ஸ் கல்லின் மேல் வரி ஒரு பக்கம் போகிறது, தட்டு வேறு பக்கம் போகிறது. கல்லிலிருந்து தட்டு வரைக்கும் வலது தொங்கலில் ஒரு சாண். இடது தொங்கலில் ஒரு சாணும் ஒரு விரலும்.

அந்தக் கல் பதித்தது நான். 2014இல் மேசன் பாதி வேலையில் காணாமல் போனபோது மீதியை முழுக்க என் கையால் பதித்தேன். தச்சு வேலையும் என் கைதான். தெருவில் என்னை ஓடாவி ஸாலிஹா என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்? அந்த வரிக்கு மேலே ஒரு கோணல் தட்டை எப்படி விட்டுவைப்பது?

இன்று ஜவாத் மருமகனும் மகள் ஆகிலாவும் நிந்தவூருக்கு, அவருடைய உம்மாவைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் போன கையோடு தட்டைக் கழற்றினேன். இரண்டு தொங்கலிலும் கல்லிலிருந்து சரியாக ஒரு சாண் அளந்து, புதிதாகத் துளை போட்டு அடித்தேன். அவர் போட்ட துளைகளை வெள்ளைச் சீமெந்து வைத்து அடைத்தேன். எல்லாம் இருபது நிமிஷம். மருமகன் அக்கரைப்பற்று நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் அளக்கிறவர். வாய்க்கால் அளப்பது வேறு, சுவர் அளப்பது வேறு. தனக்கென்று ஒரு சுத்தியல்கூட வாங்கியிருக்கிறார், சிவப்பு ரப்பர்க் கைபிடியோடு. என்னுடைய ஆயுதப் பெட்டி என் கட்டிலுக்குக் கீழே, பூட்டோடு.

ஜூலை 7, திங்கள்

தட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேலை கண்ணில் படாது.

ஜூலை 10, வியாழன்

மீனுக்குப் பிழிய என்று தட்டில் வைத்த தேசிக்காய் மூன்றும் கீழே கிடந்தன. நேற்றும் அப்படித்தான். பூனையின் வேலை. விளக்குமாற்றால் ஒன்று போட்டேன், ஓடிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

மருமகன் இந்த வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. நம்முடைய பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் உம்மா எனக்குத் தந்த வீட்டை நான் ஆகிலாவின் நிக்காஹ்வுக்கு அவள் பேரில் எழுதிக் கொடுத்தேன். நானும் இவரும் பக்கத்து அறைக்கு மாறிக்கொண்டோம். இவர் என்றால் சரீப். முப்பது வருஷமாகியும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வருவதில்லை, எழுதுவதற்காவது வருகிறதே.

ஒரே மகள். வீட்டைக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமி மருமகனுக்கு வெட்கப்படுவதுதான் பெரிய பாடு. முன்னால் போய் நிற்கக் கூடாது, முகம் பார்த்துக் கதைக்கக் கூடாது. இந்தக் காலத்து ஆட்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். பஸ்மிலா தன் மருமகனோடு ஒரே வாங்கில் இருந்து கிரிக்கெட் பார்க்கிறாள். எனக்கு அது ஏலாது. அவர் குசினிக்கு வருமுன் வாசலில் ஒரு இருமல் இருமுவார். நான் பின் கதவால் வெளியே போய்விடுவேன். போன செவ்வாய் இடியப்ப மாவுக் கையோடு கோழிக் கூட்டடியில் கால் மணித்தியாலம் நின்றேன், அவர் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போகும் வரைக்கும்.

சொல்ல வேண்டியதை ஆகிலாவிடம் சொல்வேன். அவள் இல்லாவிட்டால் பூனையிடம். ஆணம் சூடாக இருக்கிறது, மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும் என்று பூனைக்குச் சத்தமாகச் சொன்னால் அடுத்த அறையில் இருக்கிறவருக்குக் கேட்கும். பத்து மாதம் இப்படி ஓடிவிட்டது, ஒரு சண்டை இல்லை. எத்தனை வீட்டில் இப்படி இருக்கிறது?

ஆகிலாவுக்கு ஆறாம் மாதம். ஒக்டோபரில் பிள்ளை, இன்ஷா அல்லாஹ். என் கலியாணக் கட்டில் நல்ல முதிரை மரம், கொட்டிலில் தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. அதைப் பிரித்துப் பிள்ளைக் கட்டில் செய்யப் போகிறேன். நான்கு கால், நான்கு சட்டம், சுற்றிவரக் கம்பு. கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் படம் கீறிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அடுப்பை அணைக்காமல் வந்து எழுதுகிறேன். எழுத்தைப் பார்.

ஆகிலா வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். அக்கரைப்பற்றில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார்களாம். கந்தோருக்குக் கிட்டவாம். இப்போது இருக்கிறவர்கள் ஓகஸ்ட் கடைசியில் எழும்புவார்களாம். செப்டெம்பர் முதலாம் திகதி கதவுத் திறப்பைக் கையில் தருவார்களாம்.

ஏன் என்று கேட்டேன். தூரம் என்றாள். பத்து மாதம் இல்லாத தூரமா? மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். இவர் வயல் வட்டைக்குப் போய் வருவதே அதைவிடக் கூட.

சொந்த ஊடு இரிக்க வாடகைக்குப் போறதா? புள்ளப் பெறப்போற பொண்ண, தலைப்பிள்ளைக்காரிய, ஆளில்லாத ஊர்ல கொண்டு வைக்கிறதா? என்ட உம்மாட கையால நான் பெத்த, என்ட கையால அவள் பெற வேணாமா? நான் என்ன குறை வெச்சன்? யா அல்லாஹ், என்ன குறை வெச்சன்?

ஜூலை 21, திங்கள்

பஸ்மிலாவிடம் போய் அழுதேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று போனது என் பிழை. மாப்பிள்ளை வந்த ஊட்டுல இருந்து மாப்பிள்ளை எழும்பிப் போறாரெண்டா குறை மாமிலதான் எண்டு ஊர் சொல்லும் தாத்தா என்றாள். தாத்தா என்று, அக்காவுக்குரிய மரியாதையோடு கூப்பிட்டுத்தான் சொன்னாள்.

ஜூலை 25, வெள்ளி

அழுது முடித்தாயிற்று. இனி வேலை.

அந்த மனிசனுக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று இந்த ஐந்து நாளும் ஓடித் திரிந்தேன். அவர் கிணற்றடியில் கட்டியிருந்த கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தது, அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். அறைக் கதவுக்குப் பின்னால் சட்டை கொளுவ ஒரு ஆணி அடித்திருந்தார், கைக்கு எட்டாத இடத்தில். பிடுங்கி ஒரு அடி கீழே அடித்துக் கொடுத்தேன். யன்னல் கொக்கியையும் மாற்றினேன். எல்லாம் அவர் கந்தோரில் இருக்கிற நேரத்தில், சத்தமில்லாமல். கூனி இறால் சுண்டல் அவருக்குப் பிரியம், அதுவும் இரண்டு தரம் செய்தேன்.

இனிப் பிள்ளைக் கட்டில். அதை முடித்து அவர்களுடைய அறை நடுவில் கொண்டுபோய் வைத்தேன் என்றால், அப்படி ஒரு கட்டிலைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பன் எழும்பிப் போவான்? போகட்டும் பார்ப்போம்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

சட்டம் நான்கும் சீவியாயிற்று. முதிரை முதிரைதான், முப்பது வருஷத்துக்குப் பிறகும் சீவுளி பட்டதும் மஞ்சளாக மினுங்குகிறது. காலோடு பொருத்திப் பார்த்தேன், சட்டம் ஒவ்வொன்றும் அரை அங்குலம் நீளம். மரம் அரியும் வாளை எடுக்கப் போன நேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மாமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு அரை அங்குலம் வெட்டினால் முடிந்தது.

ஓகஸ்ட் 2, சனி

இந்த நாளை எப்படி எழுதுவது?

காலையில் நான்கு சட்டத்திலும் அரை அங்குலம் வெட்டினேன். அளவு தலைக்குள் இருந்தது, திரும்ப ஏன் அளக்க வேண்டும்? கீழே மரத்தூள் கிடந்தது, நேற்றையது என்று நினைத்தேன். பொருத்திப் பார்த்தால் நான்கும் அரை அங்குலம் கட்டை. நான்கும். அளந்தேன், திரும்ப அளந்தேன், பிஸ்மி சொல்லி மூன்றாம் தரமும் அளந்தேன்.

ஆகிலாதான் சொன்னாள். நேற்றுப் பின்னேரம் மருமகன் மாமரத்தடியால் வந்தாராம். சட்டம் நீளம் என்று அவருக்கும் பட்டதாம். மாமிக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று நான்கையும் அளந்து வெட்டி, இருந்தபடியே வைத்துவிட்டு வந்தாராம். சொல்வதற்கு எனக்கு முன்னால் வர ஏலாதே. ஆகிலாவிடம் சொல்லச் சொன்னாராம், அவள் தூங்கிவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபம்! குசினி நடுவில் நின்று பூனையைப் பார்த்துக் கத்தினேன். கேட்காமல் அடுத்த ஆட்களின் வேலையில் கை வைக்கிற மனிசரை நான் இந்த ஊரில் கண்டதில்லை என்றேன். அடுத்த அறையில் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் சைக்கிள் போன சத்தம்.

ஆகிலா வந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் என்னிடம் சத்தம் வைத்துக் கதைக்கிற பிள்ளை இல்லை.

“உம்மா, நீங்க கேட்டா அவர்ட தட்டக் கழட்டின?”

எந்தத் தட்டு என்று கேட்டேன். மெய்யாகவே ஒரு நொடி விளங்கவில்லை.

“இந்தத் தட்டு. நிந்தவூர்ல இருந்து வந்து, தண்ணி குடிக்கப் போன மனிசன் அதப் பாத்துக்கிட்டே நிண்ட. ஒண்டும் சொல்லல்ல. மறுகா கயிறு, ஆணி, யன்னல் கொக்கி. அவர் தொட்ட எல்லாத்தையும் நீங்க திரும்பச் செஞ்சிரிக்கீங்க. தட்டுக் கழட்டின கிழமைதான் அவர் ஊடு பாக்கத் தொடங்கின. தூரமும் இல்ல, ஒண்டும் இல்ல.”

நான் வாயைத் திறந்தேன். தட்டு கோணல் மகள் என்றுதான் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஆனால் தட்டு கோணல்தானே? அதை நான் காட்ட வேண்டுமா இல்லையா?

அவர்கள் நிந்தவூருக்குப் போனதும் குசினிக்குள் போனேன். ஒரு தேசிக்காயைத் தட்டின் நடுவில் வைத்தேன். நின்றது மாதிரி இருந்தது, பிறகு மெதுவாக இடப்பக்கம் புறப்பட்டது. போய்த் தொங்கலால் விழுந்தது. பூனை வெளியே வெயிலில் படுத்திருந்தது.

இன்னொன்று வைத்தேன். அதுவும் இடப்பக்கம்.

ஏணியில் ஏறி, நான் சீமெந்து பூசி அடைத்த அவருடைய துளைகளைத் தேடினேன். வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தன. தட்டைக் கழற்றி, அந்தப் பொட்டுகளின் உயரத்தில் இரண்டு ஆணி அடித்து, பலகையைத் தூக்கி வைத்தேன். தேசிக்காயை வைத்தேன். நின்றது. வலது பக்கம் வைத்தேன், நின்றது. இடது பக்கமும் நின்றது. பஸ்மிலா வீட்டுக் கோழி முட்டையைக்கூட வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கோணல் தட்டு இல்லை. என்ட கல்லு. நான் பதிச்ச வரி நாலடிக்கு ஒரு விரல் சரிவு. பதினொரு வருஷமா அந்தச் சரிவப் பாத்துப் பாத்து என்ட கண்ணுக்கு அதுதான் நேர் எண்டு ஆகியிரிக்கு. வாய்க்கால்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு பாக்கிற மனிசர்ட தட்டக் கழட்டி, என்ட சரிவுக்கு அடிச்சி வெச்சிரிக்கன். அவருக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். ஒரு சொல்லுச் சொல்லல்ல.

ஏணியிலேயே இருந்துவிட்டேன். பலகையைத் திரும்ப என் துளைகளிலேயே மாட்டினேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சிறுபோக நெல் வெட்டு முடிந்து இவர் நேற்றுத்தான் வட்டையிலிருந்து வந்தார். சாப்பாட்டை வைத்துவிட்டு, குசினிக் கல்லு சரிவு என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எத்தனை நாளாக என்றேன். பதித்த நாளில் இருந்து என்று சொல்லி ஆணத்தை ஊற்றிக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார். இந்த மனிசரோடு எப்படி முப்பது வருஷம் இருந்தேன்?

தட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கை கழுவி வந்து, துவாயால் துடைத்துக்கொண்டே நின்றார்.

“உங்கட உம்மா மவுத்தாகுற வரைக்கும் பதினெட்டு வருஷம் நான் இந்த ஊட்டுல ஒரு ஆணி அடிக்கல்ல ஸாலிஹா. அடிக்க விருப்பம் இல்லாம இல்ல.”

அவ்வளவுதான். துவாயைக் கொடியில் போட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். பதினெட்டு வருஷம். எங்கட ஊட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் தெரியாது என்று நானும் பஸ்மிலாவும் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்போம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

சொல்லிவிடுவோம் என்று மூன்று தரம் போனேன். மருமகன் முன் விறாந்தையில் சப்பாத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார். கதவுத் திரை வரைக்கும் போகிறேன், கால் நிற்கிறது. நான் கல் பதிப்பவள், கூரையில் ஏறி ஓடு மாற்றுபவள். ஒரு திரைச்சீலையைத் தள்ள என்னால் ஏலவில்லை. என்ன வெட்கம் இது? யாருக்குப் பிரயோசனம்?

ஓகஸ்ட் 9, சனி

கதைக்க ஏலாவிட்டால் என்ன, காட்டலாமே. தட்டைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன். அவருடைய துளைகளில் இருந்த சீமெந்தைக் குத்தி எடுத்தேன். பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ, அவருடைய சிவப்புச் சுத்தியல். நீங்களே அடியுங்கள் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஆகிலா கேட்டாள், இப்ப முழுசாவே பிடுங்கிட்டீங்களா உம்மா, அவர்ட சுத்தியலையும் எடுத்துக் கையில குடுத்து அனுப்புற மாதிரி வெச்சிரிக்கீங்களே என்று. அவர் அதைப் பார்த்துவிட்டு, தன் சுத்தியலை எடுத்துப் பெட்டிக்குள் கட்டி வைத்துவிட்டாராம். அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோகிற பெட்டி.

சொல்லாமல் வெட்டியதில் சட்டம் கட்டையானது. சொல்லாமல் கழற்றியதில் இது. இன்னும் எத்தனையை வெட்டப் போகிறேன்?

ஓகஸ்ட் 17, ஞாயிறு

எழுதி வைக்க வேண்டும். இன்று நடந்ததை நடந்தபடி.

மதியம் லுஹருக்குப் பிறகு, நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, வாசலில் இருமல் கேட்டது. கால் தானாகவே பின் கதவுக்குத் திரும்பியது. கையைச் சட்டியில் ஊன்றிக்கொண்டு நின்றேன். முக்காட்டை இழுத்துவிட்டேன். மருமகன் உள்ளே வந்து, என்னைக் கண்டு, வந்த வழியே திரும்பினார்.

“மருமகன், நில்லுங்க.”

நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நானும் நிலத்தைத்தான் பார்த்தேன். அவருடைய காலில் ஒரு விரல் நகம் கறுத்திருந்தது, எங்கேயோ அடிபட்டிருக்கிறது. பத்து மாதத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அது எப்போது அடிபட்டது என்று எனக்குத் தெரியாது.

“தட்டு நீங்க அடிச்சதுதான் சரி. கல்லுதான் சரிவு. அது நான் பதிச்ச கல்லு. நான் உங்கள்ட்டக் கேக்காமக் கழட்டின பெரிய பிழை. கயிறும் ஆணியும் அப்படித்தான்.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்ட எனக்குக் கை வரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டத்தைக் கேட்காமல் வெட்டியது தன் பிழை என்றார். குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது. இவ்வளவு நாளும் இருமலாகத்தானே கேட்டிருக்கிறேன்.

பிறகு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர்தான் மேசையில் கிடந்த பலகையைப் பார்த்தார். எடுத்துச் சுவரில் வைத்தார். நான்கடிப் பலகை, ஒரு ஆள் பிடித்து ஒரு ஆள் முடுக்க வேண்டியது. முதல் தரம் அவரும் தனியாக, நானும் தனியாக, தலையால் முட்டுக்கொடுத்துத்தான் அடித்திருக்கிறோம்.

“மாமி, அந்தத் தொங்கலக் கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தேன். அவருடைய துளைகளிலேயே முடுக்கினார். முடிந்ததும் நான் ஒரு தேசிக்காயை எடுத்து வைத்தேன். நின்றது. அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. போக வேண்டாம் என்று ஒரு சொல். விழுங்கிவிட்டேன். அது அவர் அளந்து சொல்ல வேண்டியது, நான் கழற்றி மாட்ட வேண்டியது அல்ல.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பிள்ளைக் கட்டிலை இரண்டு பேருமாகத் திருத்தினோம். சட்டம் கட்டையானால் என்ன, கம்பின் இடைவெளியைக் குறைத்து, காலை உள்ளே தள்ளினால் சரி என்று அவர் ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். நல்ல யோசனை. என் யோசனை என்று சொல்லியிருப்பேன், ஆகிலா பக்கத்தில் நின்றாள்.

சண்டை வராமலும் இல்லை. அவர் மில்லிமீற்றரில் கதைக்கிறார், நான் அங்குலத்தில் கதைக்கிறேன். நானூற்றுப் பத்து என்கிறார். அது என்ன நெல் மூடையா என்று கேட்டேன். பதினாறேகால் கொஞ்சம் கூட என்றார். கொஞ்சம் கூட என்பது என்ன அளவு என்றேன். அது நீங்கள் சொல்கிற அளவுதான் மாமி என்றார். இவர் முன் விறாந்தையில் இருந்து சிரித்த சத்தம் கேட்டது.

இன்னும் முக்காடு போட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுதான் கதைக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். வெட்கம் வேறு, ஊமையாக இருப்பது வேறு.

வீட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிகள் அறை மூலையில் கட்டினபடி இருக்கின்றன.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக்கு அக்கரைப்பற்று வீட்டுத் திறப்புக் கொடுக்கிற நாள்.

காலையில் மருமகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். ஆகிலாவிடம் கேட்டேன், தெரியாது உம்மா என்றாள். முகத்தைப் பார்த்தால் மெய்யாகத் தெரியாத முகம். கொட்டிலைக் கூட்டினேன், கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். போனால் போகட்டும், பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள் போய் நிற்பேன், கட்டிலை லொறியில் ஏற்றி அனுப்புவேன், ஸாலிஹா இதற்கெல்லாம் உடைகிற ஆள் இல்லை. இப்படியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு கொட்டிலுக்குள் நின்று அழுதேன்.

அசருக்கு வந்தார். கையில் வார்னிஷ் டின் ஒன்று, மரம் தேய்க்கிற கடதாசி நான்கு. கட்டிலுக்கு மூன்று தரம் பூச வேண்டும், ஒவ்வொரு தரமும் இரண்டு நாள் காய வேண்டும், பிள்ளைக்கு மணம் கூடாது, அதனால் ஒரு மாதம் காற்றில் வைக்க வேண்டும் என்று ஆகிலாவிடம் சொன்னார். நான் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

செப்டெம்பர் 1, திங்கள்

மருமகன் ஏழு மணிக்குக் கந்தோருக்குப் போனார். பின்னேரம் ஐந்தரைக்கு இங்கேதான் வந்தார்.

செப்டெம்பர் 3, புதன்

பெட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. கயிறு மட்டும் கொடியில் கிடந்தது, நல்ல கயிறு, சுருட்டி வைத்தேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ். விடியச் சுபஹுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ஆகிலா என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு இன்னும் நோகிறது. மருமகன் வெளியே நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, எப்படி மாமி என்று கேட்டார். நானும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முக்காடு தோளில் கிடந்தது, பிறகுதான் கண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பிள்ளைக்குப் பதினேழு நாள். றுஸ்தா என்று பேர் வைத்தாயிற்று. கட்டிலில் படுக்கிறாளில்லை, ஏணையில் போட்டு ஆட்டினால்தான் தூக்கம். அத்தனை பாடுபட்டுச் செய்த முதிரைக் கட்டிலில் பூனை தூங்குகிறது. துரத்தினேன், திரும்ப வந்துவிட்டது.

அசருக்குப் பிறகு மருமகன் பின் வளவில் நூலும் கட்டையுமாக நின்றார். கிணற்றிலிருந்து வேலி வரைக்கும் நடந்து அளந்தார். இவர் போய் என்ன அளக்கிறீர்கள் மகன் என்று கேட்டார்.

“பொம்புளப் புள்ள தானே மாமா. ஊடு ஒண்டு வேணுமே.”

பதினேழு நாள் பிள்ளைக்கு! இவர் சிரித்த சிரிப்பில் ஏணையில் இருந்தவள் எழும்பிவிட்டாள். மருமகன் சிரிக்கவில்லை. கட்டையை மண்ணில் ஊன்றிவிட்டு, வளவில் நின்றபடியே, மாமி சுத்தியல் எங்க என்று சத்தம் வைத்தார். தட்டுலதான், ரெண்டும் இரிக்கி, எது வேணும் என்று குசினிக்குள்ளிருந்து கேட்டேன்.

உங்கடதத் தாங்க என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதல் கட்டையை அடித்து நூலைக் கட்டினார், நான் மறு தொங்கலைப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றேன். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். என் பக்கத்தை ஒரு விரல் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன்.